டொறீன் வைத்த படையல்

வாழையிலையில் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த சிவனேஸ்வரி, மகள் வினுஷா பக்கத்தில் கொண்டுவந்து வைத்த பியர் போத்தலைக் கண்டதும் அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள்.

“எடு இதை. உன்ர அப்பா ஒரு நாளும் தொடாத சாமான்.”

“அப்பாதான் கேட்டவர் அம்மா. ஹொஸ்பிற்றல்ல வைச்சு. என்ர எட்டுக்கு ஒண்டு வை எண்டவர். புறொமிஸ் பண்ணிப்போட்டன்.”

சிறிதரன் இறந்து இன்று எட்டாம் நாள். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். கொஞ்ச நேரத்தில், அவர்கள் குடியிருக்கும் புறநகரான ட்ருகனினாவின் தமிழ்ச் சனத்தில் பாதி வாசலில் செருப்பைக் கழற்றும். இரகசியக் குடிகாரன் என்ற பெயர் அவருக்கு மிஞ்சும். அதைவிட, இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவரைத் தனக்கே தெரியாதோ என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சிறிதரனின் தம்பி அருந்தவன் கதிரையில் இருந்தபடியே சொன்னான்.

“அவர் குடிக்கேல்ல அண்ணி. இங்கிலாந்தில ஒரு பப்புக்கு மேல நாங்கள் இருந்தது தெரியும்தானே?”

“ஓம். முந்நூறு வருசப் பழசு, கூரை ஒழுகும், கோப்பை கழுவினது. அவ்வளவுதான் சொன்னவர்.”

“அங்க இருக்கேக்கதான் எங்கட அம்மா செத்தவ. விசா இல்லை, ஊருக்குப் போகேலாது. முதலாளியின்ர மனுசி டொறீன், எட்டு எண்டா என்னெண்டு கேட்டா. செத்தாக்களுக்கு நல்ல சாப்பாடு வைப்பம் எண்டு அண்ணை சொன்னவர். எட்டண்டைக்குப் பாத்தா, அவ வைச்சது ஒரு மேசை நிறைய உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி, பெரிய கிளாசில பியர்.”

“மாமிக்கோ?” சிவனேஸ்வரி வாயைப் பொத்தினாள். “மரக்கறிச் சட்டியையே தனியப் பூட்டி வைச்ச மனுசிக்கோ?”

“நான் வாய் திறக்கப் போக, அண்ணை கிள்ளிப்போட்டார். குடிக்க வந்த சனமெல்லாம் தொப்பியைக் கழற்றிப்போட்டு எழும்பி நிண்டது. டொறீன் அம்மான்ர பேரைச் சொன்னா. பிழையாத்தான். அப்பதான் அண்ணை அழுதவர்.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?”

“மாட்டிறைச்சி எண்டு உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?”

வெளியே கார்க் கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

சிவனேஸ்வரி இலையில் பொரியலைத் தள்ளி இடம் செய்தாள். கிளாஸை வைத்து, தண்ணீர் வார்ப்பதுபோல் பியரை நேராக வார்த்தாள். நுரை பொங்கி, விளிம்பைத் தாண்டி வழிந்து, சோற்றின் ஒரு பக்கத்தை நனைத்தது.

“துடைக்கட்டோ அம்மா?”

“வேண்டாம்.”

அழைப்பு மணி அடித்தது.

“போய்க் கதவைத் திற பிள்ளை” என்றாள்.