சூரியனுக்குக் கொடுத்த ஞானஸ்நானம்

கோயில் மண்டபத்தில் சவுக்கங்கொப்பை மண் நிரப்பிய வாளியில் நட்டு, அதன்மேல் இலவம்பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சில்லாலையில் பிறந்து வளர்ந்த ஒருவரும் பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கிறிஸ்து பிறப்புக்கு வைக்கும் நத்தார் மரத்தில் பனி இல்லாவிட்டால் அவர்களுக்கு மனம் ஆறாது. தொண்ணூற்றோராம் ஆண்டு. சண்டையில் மின்சாரம் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, கடைப்பஞ்சும் கொழும்பிலிருந்து வருவதில்லை. மண்டபத்துக்கு மகாதேவி தேத்தண்ணி கொண்டுவந்தபோது அவளுடைய கணவர் சிமியோன் மாஸ்ரர் எல்லாரையும் சுற்றி இருத்தி வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

குருமடத்தில் சில வருடம் படித்து, சாமியாராகாமல் திரும்பி வந்து வாத்தியாரானவர் அவர். சாமியாருக்குத் தெரிந்ததில் பாதியும், சாமியார் சொல்லத் தயங்குவது முழுவதும் மாஸ்ரருக்குத் தெரியும் என்று ஊரில் ஒரு பகிடி. அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். யேசு எந்தத் திகதியில் பிறந்தார் என்று வேதாகமத்தில் எந்த இடத்திலும் இல்லை என்றார். பகல் நீளத் தொடங்குகிற அந்த நாட்களில் ரோமாபுரிக்காரர் சூரியனுக்குத் திருவிழா எடுத்தார்களாம். அதன்மேல்தான் திருச்சபை பாலனின் பிறப்பைக் கொண்டுபோய் வைத்தது என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்களாம். குளிர்காலத்தில் பச்சைக் கொப்பை வீட்டுக்குள் கொண்டுவருவதும் கிறிஸ்தவ வேதத்துக்கு வராத சனங்களின் பழைய வழக்கமாம்.

பஞ்சு பிய்த்துக்கொண்டிருந்த யாகப்பு தலையை நிமிர்த்தினார். "அப்ப மாஸ்ரர், நத்தார் எண்டது அவையின்ரை தைப்பொங்கலோ?"

"ஓம், ஒருமாதிரிப் பாத்தால் அப்பிடித்தான். திருச்சபை கெட்டித்தனமா அதுக்கும் ஞானஸ்நானம் குடுத்துப்போட்டுது."

எல்லாரும் சிரித்தார்கள். மகாதேவி தேத்தண்ணித் தட்டத்தை வாங்குப்பலகையில் வைத்துவிட்டு, ஒருவருக்கும் எடுத்துக் கொடுக்காமல் நின்றாள்.

அவளுடைய தகப்பன் மார்க்கண்டு புத்தூரில் தோட்டம் செய்தவர். மகள் வேதத்துக்கு மாறிக் கலியாணம் கட்டியதற்கு ஊர் முழுக்கக் குதித்தது, அவர் மட்டும் குதிக்கவில்லை. முதல் நத்தாருக்கு அவள் கொடுத்தனுப்பிய பலகாரத்தை இது எந்தச் சாமிக்கு என்று கேட்காமல் சாப்பிட்டார். அடுத்து வந்த தைப்பொங்கலன்று, பொங்கின பொங்கலைத் தூக்குச்சட்டியில் போட்டுச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு, மத்தியான வெயிலில் சில்லாலைக்கு வந்து இறங்கினார். சிமியோன் அவரைக் கதிரையில் இருத்தினார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு குசினிக்குள் வந்து, வேறு சாமிக்குப் படைத்ததை வேதக்காரர் நாங்கள் தொடக்கூடாது, நீரே சொல்லும், நான் சொன்னால் மனிசனுக்கு மனம் நோகும் என்றார்.

அவள் சொன்னாள்.

"அதுக்கென்ன பிள்ளை," என்றார் மார்க்கண்டு. "வெய்யிலுக்குக் காட்டினதுதானே. வேறை ஒருத்தருக்கும் இல்லை." ஆனாலும் எடுத்துக்கொண்டு போனார். வாசல் படலையைத் தாண்டும்போது தூக்குச்சட்டி சைக்கிளில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. அதற்குப் பிறகு அவர் பொங்கலுக்கு வரவில்லை. மாரிமழையோடு நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

கடவுளுக்காகத்தானே செய்தேன் என்று சொல்லிச் சொல்லித்தான் மகாதேவி அந்தச் சாவை விழுங்கியிருந்தாள். அந்த ஒரு பிடிதான் அவளுக்கு இருந்தது. அதைத்தான் சிமியோன் மண்டபத்தில் சிரிப்புக் கதையாக்கிப் பஞ்சோடு பஞ்சாகப் பறக்கவிட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நட்சத்திரக்கூட்டுக்குத் தாள் ஒட்ட உட்கார்ந்தார். அவள் எதிரில் போய் நின்றாள்.

"உந்தச் சூரியன்ரை கதை உங்களுக்கு எப்பவிருந்து தெரியும்?"

"குருமடத்திலை படிக்கேக்கையே. ஏன்?"

"அப்ப, அப்பு வந்து உந்தக் கதிரையிலை இருக்கேக்கையும் தெரியும்."

அவருடைய கை பசைக்குள் நின்றுவிட்டது. "அது வேறை, மகாதேவி," என்றார். கலியாணம் முடிந்த நாளிலிருந்து ஞானஸ்நானப் பேரான மதலேனா என்றே அழைத்தவர்.

"என்ன வேறை? ஆரோ ரோமாபுரிக்காரன்ரை சூரியனுக்கு ஞானஸ்நானம் குடுத்து உள்ளுக்கை எடுத்திருக்கிறியள். என்ரை அப்புவின்ரை சூரியனை என்னைக்கொண்டே படலைக்கு வெளியிலை விட்டியள்."

ஊர் என்ன சொல்லும் என்று பயந்தாராம். அம்மா இருந்தாவாம், சாமியார் இருந்தாராம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். அதில் கடவுள் ஓரிடத்திலும் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அறிந்து செய்தவருக்கு அறியாமல் துணை போயிருக்கிறாள்.

இரவில் சுட வரும் இராணுவ ஹெலிக்குப் பயந்து அந்த முறை நள்ளிரவு நத்தார்ப் பூசையைப் பின்னேரமே வைத்தார்கள். கோயில் நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கம் மாமியாருக்கு அருகில் மகாதேவி இருந்தாள். நற்கருணைக்குச் சனம் வாங்கு வாங்காக எழும்பியது. அவர்களுடைய வாங்கும் எழும்பியது. அவள் எழும்பவில்லை. மாமியார் முழங்கையால் மெல்ல இடித்தார். அவள் அசையவில்லை என்று கண்டதும், சுற்றுமுற்றும் பார்த்து முக்காட்டை இழுத்துக்கொண்டு தான் மட்டும் போனார்.

ஆண்கள் வரிசையில் நின்ற சிமியோன் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் அவரை விலத்திக்கொண்டு முன்னேற, அவர் பார்த்தபடியே நின்றார். மகாதேவி முழங்காலைப் பக்கத்துக்கு ஒதுக்கினாள். பட்டுச்சேலைகள் ஒவ்வொன்றாக அவளை உரசிக்கொண்டு பீடத்தை நோக்கிப் போயின.