ஏழாம் நிலவில் ஒரு ரப்பர் குழாய்

"குப்பையை விட்டுத் தொலை, கிளம்பு" என்று சொன்னவள் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நானும் என் தம்பி பப்ரீசியோவும் சிறு வயதில் 'ஏழாம் நிலவு' என்ற கணினி விளையாட்டில் கிறுக்காகக் கிடந்தோம். அர்ஜென்டினாவில், எங்கள் ஊரான ரொசாரியோவில் எல்லாரிடமும் இருந்ததைப் போலத் திருட்டுப் பிரதிதான், பதினோரு பிளாப்பி வட்டுகள். நிலவில் தனியாக மாட்டிக்கொண்ட மெக்கானிக் ஒருவன் கண்ணில் பட்ட சாமான்களைப் பொறுக்கி, ஒன்றோடு ஒன்றைப் பொருத்தி, விண்கப்பலைக் கிளப்பி வீடு திரும்ப வேண்டும். எங்கள் கடைசி பிளாப்பி பழுது. அவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை.

முப்பது வருடம் கழித்துத் தம்பிக்குக் கல்லீரலில் புற்றுநோய். குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்ன அன்றே, பாவி, லேப்டாப்பில் அந்த விளையாட்டைத் தேடி ஏற்றிவிட்டான்.

"அந்தாளு வீடு போய்ச் சேர்றதப் பாத்துட்டுப் போயிடறேன்க்கா."

பள்ளிக்கூடச் சமையல் வேலை முடிந்து தினமும் நாலு மணிக்கு அவன் வீட்டுக்குப் போவேன். மாத்தே என்கிற எங்கள் ஊர் இலைத் தேநீர் போட்டு, ஒரே சுரைக்குடுக்கையில் மாற்றி மாற்றிக் குடிப்போம். குடுக்கையைத் திருப்பித் தரும்போது 'நன்றி' என்று சொன்னால் போதும், இனி ஊற்றாதே என்று எங்கள் ஊரில் அர்த்தம். அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

விளையாட்டில் கப்பல் எஞ்சின்வரை வந்து மூன்று வாரம் மாட்டிக்கொண்டோம். கப்பலில் திரியும் பூனை ஒன்றைத் தவிர, மெக்கானிக்கின் பையிலிருந்த எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தாகிவிட்டது.

"அந்தப் பூனையத் தூக்கி எஞ்சின்ல போடுடா."

"பூனையவா? நீ பள்ளிக்கூடத்துல சமைக்கிற லட்சணம் இப்பத்தான் புரியுது."

பொறுக்கமாட்டாமல் நான் திருட்டுத்தனமாக இணையத்தில் விடையைத் தேடினேன். முதல் கட்டத்தில் உணவுக்கூடத்துக் குப்பைத் தொட்டியில் ஒரு ரப்பர் குழாய் கிடக்கும். அதை எடுக்காமல் கிளம்பினால் திரும்பிப் போக வழியில்லை. எஞ்சின் ஓடவே ஓடாது. அவன் அதை எடுக்கப்போனபோது அவசரப்படுத்தியது என் வாய்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் வீட்டுக் கணினியில் முதலிலிருந்து ஆடினேன். குழாயை எடுத்தேன், எஞ்சின்வரை வந்தேன், சேமித்தேன். மறுநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் அதை அவன் லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன்.

வந்து உட்கார்ந்தான். பையில் குழாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இது எப்படிக்கா வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்?"

"பொய் சொல்ல உனக்கு இன்னும் வரல. குழாய் விட்டுப்போனது எனக்கு ஏப்ரல்லயே தெரியும்."

"தெரிஞ்சேவா பூனையோட மல்லுக்கட்டுனே?"

"முடிஞ்சிட்டா நாலு மணிக்கு நீ எதுக்கு வருவே?"

"மடையா! உன்னப் பாக்க வரமாட்டேனா?"

"வருவே. வந்து என் மூஞ்சியப் பாத்து அழுவே. இப்ப திட்டறே. இதுதான் நல்லாருக்கு."

அதற்குப் பிறகு ஒன்பது நாள், குழாயை எஞ்சினைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மாட்டிப் பார்த்தோம். பூனைக்குக்கூட மாட்டினோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தால் அவனுக்கு வலிக்கும்.

பத்தாம் நாள் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுக் குடுக்கையை நீட்டினான்.

"நன்றிக்கா."

"இன்னும் சுடுதண்ணி இருக்குடா" என்று அதட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். மறுநாள் காலை போய்விட்டான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், நாலு மணிக்கு, மாத்தே போட்டுக்கொண்டு, அவன் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். குழாயை எஞ்சினில் மாட்டினேன். கப்பல் கிளம்பியது. வீட்டு வாசலில் மெக்கானிக்கின் மனைவி கையாட்டினாள். முடிவு. நாற்பது வினாடிகூட இருக்காது.

"இதுக்காடா?" என்று சத்தமாகவே கேட்டேன். அவன் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் போனது எனக்காகத்தான் என்பது நெஞ்சை அறுத்தது.

நாலு மணி தாண்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கெட்டிலில் தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. இன்னொரு குடுக்கை ஊற்றிக்கொண்டேன். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்து, குழாயைக் குப்பைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.