ஹெட்போன் ஜாக்கும் அத்தையின் வாய்ப்பூட்டும்

வாசல் மணி அடித்ததும் அவள் சட்டென்று எழுந்தாள். காதில் ஹெட்போன் இருந்தது நினைவில்லை. வயர் இழுத்த இழுப்பில் லேப்டாப் மேசையிலிருந்து சரிந்து, அதில் செருகியிருந்த ஹெட்போன் முனை முதலில் தரையில் படும்படி விழுந்தது. திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த முனை மட்டும் கோணிக்கொண்டு நின்றது. வேறொரு ஹெட்போனைச் செருகிப் பார்த்தாள். ஒரு காதில் கரகரவென்று சத்தம், இன்னொரு காதில் அதுவும் இல்லை.

டிவி சீரியல்களில் பேசுவதை, காது கேளாதவர்கள் படிப்பதற்காக வரிகளாக எழுதித் திரையின் அடியில் ஓடவிடுவதுதான் அவள் வேலை. ஒவ்வொரு பகுதியும் ஒளிபரப்புக்குப் பத்து நாள் முன்பே அவளுக்கு வந்துவிடும். கதையை யாரிடமும் சொல்வதில்லை, யார் காதிலும் விழவிடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். நான்கு வருடமாக அந்த வாக்கு காப்பாற்றப்பட்டு வந்தது. இத்தனைக்கும், அவள் எழுதும் மரக்கடை அண்ணன் தம்பி சீரியல்தான் அவள் மாமியாருக்கு உயிர்.

சாயங்காலம் வந்த கணவன் பல் குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஹெட்போன் செருகும் ஜாக்கின் ஓட்டையைத் துடைத்தான். வாயால் ஊதினான். வயரை ஒரு பக்கமாகச் சாய்த்து ரப்பர் பேண்ட் போட்டான். அவன் லிப்ட் மெக்கானிக்.

"இப்படிப் பிடிச்சா ரெண்டு காதும் கேக்குது பாரு. கையை எடுத்தாத்தான் போயிடுது."

"அப்ப நாளைக்கு லீவு போட்டுட்டு இதைப் பிடிச்சிக்கிட்டு உக்காருங்க."

"பதினாறு மாடிக்கு லிப்டை ஏத்தி இறக்குறவன், இந்த ஒரு ஓட்டைகிட்ட தோத்துட்டேனே!" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போனாள். பழுது பார்க்கும் பெண் மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஜாக்கே உள்ளே இருக்குற சர்க்யூட் பலகையிலிருந்து பேர்ந்து வந்திருக்கு. மாத்தணும்னா மெஷினை ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க."

"ஒரு வாரமா? தினம் ரெண்டு பகுதி அனுப்பியாகணுமே!"

"அப்ப ஜாக்கை மறந்துடுங்க. பக்கத்துல யூஎஸ்பி ஓட்டை இருக்குல்ல, அதுல செருகுற மாதிரி கட்டைவிரல் அளவுக்கு ஒண்ணு வருது. ஹெட்போனை அதுல மாட்டிக்கலாம். இப்ப கைவசம் இல்ல. நாலு நாள் பொறுங்க."

வீட்டில் வயரில்லாத ஹெட்போன் ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்தால், உதடு அசைந்து முடிந்த பிறகு குரல் வந்து சேர்ந்தது. நொடி பிசகாமல் வரியைப் பொருத்தும் வேலைக்கு அது ஆகாது. வேறு வழியில்லை. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஸ்பீக்கரைத் தணித்து வைத்துக்கொண்டாள். மழை ஈரத்தில் ஊதிப்போயிருந்த கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளவில்லை. இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

கூடத்தில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு இடைவெளி வழியாக ஒரு குரல் வந்தது.

"அப்ப அவன் சாகலையா?"

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீரியலில் ஆற்றோடு போன அண்ணன் உயிரோடு திரும்பி வரும் பகுதி அது.

"அத்தை! நீங்க கேட்டீங்களா?"

"நான் எங்க கேட்டேன்? அதுவா வந்து காதுல விழுந்துச்சு."

"வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும் அத்தை."

"என்னை என்ன, ஊர் பூரா தமுக்கடிக்கிறவள்னு நெனச்சியா?" மாமியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வாயை நான் பூட்டிட்டேன். நீ வேலையைப் பாரு."

மூன்றாம் நாள் இவள் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டாள். தம்பியாக நடிப்பவன் வாய்க்குள்ளேயே முனகினான். 'மரத்த வெட்டிடு' என்பது போலக் கேட்டது. ஆனால் காட்சி நடப்பது ஆஸ்பத்திரியில். ஏழெட்டு முறை ஓடவிட்டாள்.

"மரமும் இல்ல, மண்ணும் இல்ல," என்றது கதவிடுக்கு. "'மறந்து விட்டுடு'ங்குறான். நாலு வருஷமா அவன் முனகலைக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

அதேதான். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கதவை முழுக்கத் திறந்து, "சரி, உள்ளயே வந்து உக்காருங்க" என்றாள். மாமியார் அசையவில்லை. "கையெழுத்துப் போட்டிருக்கேல்ல? நான் வெளியவே இருக்கேன்."

மாமியாருக்குச் சோதனை சாயங்காலங்களில்தான். கீழ் வீட்டுத் தையல்காரி தினமும் சீரியல் பார்க்க வருவாள். செத்துப்போன அண்ணனுக்காக அவள் மூக்கைச் சிந்தி அழும்போது மாமியார் முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள்.

"அக்கா, எனக்கென்னவோ அவன் எங்கியோ பொழைச்சுக் கெடக்குறான்னு தோணுது."

"சேச்சே! அவ்வளவு வெள்ளத்துல எவன் பொழைப்பான்? போனவன் போனவன்தான்," என்றாள் மாமியார், சற்று அவசரமாக. உள்ளே மருமகள் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் கட்டைவிரல் சாமான் வந்தது. செருகி ஹெட்போனை மாட்டினாள். இரண்டு காதிலும் கண்ணாடி போலத் தெளிவு. எழுந்து கூடத்துக்கு வந்தவளுக்கு எப்படிச் சொல்வதென்று தயக்கமாக இருந்தது.

"அத்தை, சரியாயிடுச்சு. இனிமே உங்களுக்குக் கேக்காது."

"அப்பாடா!" மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "முதல்ல அந்தக் கதவை இழைச்சுச் சரி பண்ணச் சொல்லு உன் புருஷனை. முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டுத் தெரியாத மூஞ்சி வச்சிக்கிட்டு உக்காருறது இருக்கே, அதைவிடப் பல்லைப் புடுங்கிக்கலாம். அழுகையும் வர மாட்டேங்குது."

பாக்கி நாட்களையும் மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அண்ணன் திரும்பி வந்த அன்று தையல்காரி போட்ட கூச்சலைவிட மாமியார் போட்ட கூச்சல் பெரிது. பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கேட்டு வைத்திருந்த பகுதிகளெல்லாம் ஒருவழியாகத் தீர்ந்தன. அடுத்த நாள் அண்ணனும் தம்பியும் கடையை இரண்டாகப் பிரித்தார்கள். மாமியார் அதை எதிர்பார்க்கவே இல்லை.

"பாவி, இவ்வளவு பட்டும் புத்தி வரலையே உனக்கு!" என்று டிவியைப் பார்த்துத் திட்டினாள். குரல் உடைந்து கண்ணீர் வந்தது. தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மருமகள் எட்டிப் பார்த்தாள். நாளைக்கு என்ன நடக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்துப் போய் அவர்கள் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் பாயில் உட்கார்ந்தாள்.