தோற்றால் கிடைக்கும் காற்று

1

இந்தக் கதை ஒரு கேலியிலிருந்து பிறந்தது. நார்தாம்ப்டன் பக்கத்து மதுக்கடை ஒன்றில், ஹால்டன் என்ற பெரிய கார் பந்தய அணியின் மெக்கானிக் என் தோளில் தட்டி, “உங்க ஆளுங்க தோக்கறதுலயும் கெட்டிக்காரங்கப்பா!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது.

நான் வெண்டல் என்ற சிறிய அணியில் செய்திக்குறிப்பு எழுதுகிறவன். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் நாங்கள் ஏன் தோற்றோம் என்பதை மரியாதையான சொற்களில் எழுதித் தருவது என் வேலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜோரி ட்ரெகியர் என்ற ஓட்டுநர் தன் வாழ்க்கையின் மிக முக்கியமான

(வேண்டாம். அன்று மழையே இல்லை. சந்தேகத்தோடு எழுத உட்கார்ந்தால் கை தானாக மழையைக் கொண்டுவந்துவிடுகிறது.)

2

விதியைச் சொல்லாமல் கதை நகராது. பணக்கார அணிகளே எப்போதும் ஜெயித்தால் பார்க்க யார் வருவார்கள்? அதனால் பந்தய நிர்வாகம் இரண்டு கடிவாளம் போட்டது. யாராக இருந்தாலும் ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்பது ஒன்று.* மற்றது காற்றுக்கூடம். காரின் மாதிரியை வைத்து, ராட்சத விசிறியால் காற்றடித்து, எந்த வளைவு வேகம் தரும் என்று பார்க்கும் இடம் அது. புள்ளிப் பட்டியலில் மேலே இருப்பவனுக்கு அங்கே குறைந்த நேரம், கீழே இருப்பவனுக்கு அதிக நேரம். பந்தய ஆண்டின் நடுவே வரும் கோடை விடுமுறையின்போது யார் எந்த இடமோ, அதை வைத்து அடுத்த அரையாண்டுக்குப் பங்கீடு.

நல்ல விதிதான். இளைத்தவனுக்கு ஒரு கவளம் கூடுதல். ஆனால் கூடுதல் கவளம் நிச்சயம் என்றால், இன்னும் கொஞ்ச நாள் இளைத்தே இருந்தால் என்ன?

(* செலவு வரம்பு வந்த கையோடு ஹால்டன் தன் பட்டறைக்குப் பக்கத்திலேயே பாய்மரப் படகுக் கம்பெனி ஒன்றைத் தொடங்கியது. பாதிப் பொறியாளர்கள் அந்தக் கம்பெனியின் சம்பளக் கணக்குக்கு மாறினார்கள். இங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் கடல் வெகுதூரம். அது வேறு கதை. என்னிடம் ஆதாரமும் இல்லை.)

3

விடுமுறைக்கு முந்தைய கடைசிப் பந்தயம். ஜோரி பத்தாவதாக ஓடிக்கொண்டிருந்தான். அப்படியே முடித்தால் ஒரு புள்ளி கிடைக்கும். அணி கடைசி இடத்திலிருந்து ஒரு படி ஏறும். அவனுக்கு அது அந்த ஆண்டின் முதல் புள்ளி. விடுமுறைக்குள் புள்ளியே எடுக்காவிட்டால் அவனை அனுப்பிவிடலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

முடிய ஒன்றிரண்டு சுற்றுகள். அவனுடைய பொறியாளர் நெஸ் கோபோல்ட் ரேடியோவில் பேசினாள்.

“ஜோரி, கியர்பாக்ஸ் சூடாவுது. வேகத்தக் கொற.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தானே ஓடுது?”

“கொறன்னு சொன்னேன்ல!”

குறைத்தான். இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். புள்ளி போனது; நாங்கள் பட்டியலில் கடைசி இடத்திலேயே இருந்தோம். ‘கியர்பாக்ஸ் வெப்பம் காரணமாக’ என்று நான் எழுதினேன். அந்த கியர்பாக்ஸ் அடுத்த பந்தயத்திலும் ஓடியது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை என்று இதைப் படிக்கலாம். நெஸ் காப்பாற்றிவிட்டாள் என்றும் படிக்கலாம்.

4

அணித் தலைவர் டெஸ்மண்ட் ஃபாரன்ட்டை எனக்குச் சரியாக எழுத வரவில்லை. முதல் பிரதியில், பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே பேசினார். (வில்லன்கள் ஏன் எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்?) உண்மையில் அவர் வீட்டை அடகு வைத்து அணியை நடத்துகிறவர். நின்றபடியே சாசேஜ் ரோல் தின்று, சட்டையில் உதிர்ந்ததைத் தட்டிவிட மறப்பவர்.

கேட்டே விட்டேன். “கியர்பாக்ஸ் நெஜமாவே சூடாச்சா, டெஸ்மண்ட்?”

“நீதானய்யா எழுதின? உன் எழுத்த நீயே நம்பலையா?” சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “இந்தப் பட்டறைய நம்பி எரநூறு குடும்பம் இருக்கு.”

நான் அதைக் கேட்கவே இல்லை.

5

விடுமுறையிலேயே ஜோரியை அனுப்பிவிட்டார்கள். காற்றுக்கூடத்தில் கிடைத்த கூடுதல் நேரத்தில் காரின் மூக்கில் பொருத்தும் புதிய முன்னிறக்கை ஒன்று பிறந்தது. ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் புது ஓட்டுநர் ஆறாவதாக வந்தான். பட்டறையில் மேசைமேல் ஏறி ஆடினார்கள். அங்கே ஒருவருக்கும் வேலை போகவில்லை. நெஸ் மகிழ்ச்சியில் அழுதாள்.

(‘மகிழ்ச்சியில்’ என்பதை அடித்துவிடுகிறேன். அழுதாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.)

6

குளிர்காலத்தில் ஒரு நாள் ஜோரி தன் இருக்கையை எடுத்துப்போக வந்தான். ஓட்டுநரின் முதுகுக்கே அச்செடுத்த இருக்கை. வேறு யாருக்கும் பொருந்தாது. தேநீர் அறையில் நெஸ்ஸும் நானும் இருந்தோம்.

“இன்னும் இந்தக் கழனித்தண்ணியத்தான் டீன்னு குடிக்கிறீங்களா?”

“ஏன், ஹால்டன்ல தங்கக் கோப்பையில தர்றாங்களோ?” என்றாள் நெஸ். அவன் இப்போது அங்கே சோதனை ஓட்டுநர். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சிரித்தான். கோப்பையைக் கீழே வைத்தான். “அன்னிக்கி அது நெஜமாவே சூடாச்சா, நெஸ்?”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த கைபேசியைப் பார்த்தாள்.

“இத நீ கேக்குறியா, ஜோரி? இல்ல, அவங்க கேட்டுட்டு வரச் சொன்னாங்களா?”

7

ஒரு முடிவில், ஆமாம் சூடாகத்தான் இருந்தது என்கிறாள், இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். கிழித்துப்போட்டேன். கியர்பாக்ஸுக்காகக் கட்டிப்பிடிக்கிற மனிதர்களை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. இன்னொன்றில், டெஸ்மண்ட் சொல்லித்தான் செய்தேன் என்று உடைகிறாள். கைபேசி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் விசாரணை, அபராதம், அந்த இருநூறு குடும்பங்

அதையும் பாதியில் விட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜோரியின் காது சிவந்தது. கோபத்தில் சிவந்ததா, பிடிபட்டதிலா, தெரியாது.

“மொதல்ல நீ சொல்லு,” என்றான்.

“மொதல்ல நீ.”

அவன் இருக்கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தான். கதவருகே நின்று என் பக்கம் திரும்பினான்.

“நீ சொல்லு, எழுத்தாளரே. எங்க ரெண்டு பேர்ல நீ யார நம்புற?”

நெஸ்ஸும் என்னைப் பார்த்தாள்.

நான் பதில் சொன்னேன். ஆனால் நான் இன்றும் வெண்டலில் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் பதிலை இங்கே எழுதினால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள், சந்தேகப்படத்தான் வேண்டும். அதனால் அந்த வரியை எடுத்துவிட்டேன். அவன் கதவைப் பிடித்தபடி நிற்கிறான். அவள் கோப்பையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். யாருக்கும் சம்பளக் கடன் படாதவர் நீங்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.