நாலாவது வில்லையின் பொட்டு

ஆயுத பூஜையன்று ஆய்வகத்தில் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தது நான்தான். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்புக்கு, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கோலுக்கு, தட்டில் காசு மாதிரி கிடந்த நான்கு பீசோ வில்லைகளுக்கும். என் விரலை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அந்த வில்லை, மின்சாரம் கொடுத்தால் விரிந்து சுருங்கும்; அழுத்தினால் மின்சாரம் தரும். நான்கையும் அடுக்கி ஒட்டி மின்சாரம் கொடுத்தால், சில அதிர்வெண்களில் மட்டும் உள்ளே அதிர்வலை ஓடாமல் அப்படியே நிற்கும். மூன்று வருடமாக அதுதான் என் முனைவர் பட்ட வேலை. என் அடுக்கிலோ, கணக்குப்படி வரவே கூடாத அதிர்வெண்ணிலும் ஓர் அலை நின்றது. வழிகாட்டி ரோசலின் மேடம் பூரித்துப்போய் நான் எழுதிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினார், ஏற்றுக்கொண்டார்கள். அப்பா வடமதுரை பஸ் நிறுத்தத்தில் என் படத்தோடு பிளெக்ஸ் போர்டு கட்டிவிட்டார்: 'புதிய அலையைக் கண்டுபிடித்த எங்கள் அறிவுச்செல்வி'.

எனக்கு மட்டும் உறுத்தியது. வராததை வரவழைக்க நான் என்ன பெரிய கொம்பா? ஒரு காலையில் மின்சாரம் கொடுக்கும் வயர்களைக் கழற்றி, அடுக்கை அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு வில்லையாக ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். மூன்றில் கோடு மேலே ஏறியது. நாலாவதில் கீழே இறங்கியது.

நேர்முனைப் பக்கம் எது என்று தெரிய, வில்லையைச் செய்கிறவர்களே அதில் சிவப்புப் புள்ளி வைத்து அனுப்புவார்கள். அன்று நாலாவது வில்லை தட்டில் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. அதன் முதுகில் நான் வைத்த பொட்டையே புள்ளி என்று நம்பி, அந்தப் பக்கத்தை மேலாக வைத்து, பசைக்காகத் துடைத்து, தலைகீழாக ஒட்டியிருக்கிறேன். மற்ற மூன்றும் விரியும்போது இது சுருங்கியிருக்கிறது; வரக்கூடாத அலை வந்தது அதனால்தான். புது அலையாவது, மண்ணாங்கட்டியாவது.

சொன்னதும் மேடம் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். "ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு. யாரும்மா சோதிச்சுப் பாக்கப் போறா?" என்றார் மெல்ல.

"நான் பாத்துட்டேனே மேடம்."

"கட்டுரைய வாபஸ் வாங்குனா பட்டம் ரெண்டு வருசம் தள்ளிப்போகும்."

"போகட்டும். பொய்ய வச்சு டாக்டர்னு போட்டுக்கிட்டா, காலத்துக்கும் முள்ளாக் குத்தும்."

அங்கேயே உட்கார்ந்து ஆய்விதழுக்குக் கடிதம் தட்டினேன். அனுப்பிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். தக்காளிக் காட்டில் நின்றிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன்.

"தப்ப யாரு கண்டுபிடிச்சா?"

"நாந்தேன்."

"அப்பப் போர்டு இருக்கட்டும் தாயி."

"அதுல போட்டிருக்கது பொய்ப்பா. வந்து நானே இறக்குறேன்."

அந்தப் படத்துக்குக் கீழே நின்று அவர் டீ குடிக்காத நாளில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி, வா," என்றார். "ஒசரமாக் கட்டிப்புட்டேன். ஏணியோட நிக்கிறேன்."