எந்த டிரைவர்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துவந்த திலகவதியை, இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. அன்று சாயங்காலம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். மத்தியானம் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று திறந்தால், வீடியோ நகரவே இல்லை. பக்கத்தில் கிடந்த செல்போனில் மட்டும் எல்லாம் பறந்தது.

"ஏங்க, ஒரே வூட்டு வைஃபைதானே? செல்லுல ஓடுது, இதுல சுத்திகினே இருக்கு."

முதல் ஷிப்ட் முடித்து சுரங்கத்திலிருந்து வந்திருந்த அவள் கணவன் மணிமாறன், மோடத்தை டிவி மேலிருந்து ஜன்னலுக்கு மாற்றினான். ஜன்னலிலிருந்து பீரோ மேல் ஏற்றினான். அணைத்தும் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

பண்ருட்டியில் கம்ப்யூட்டர் கடையில் இருக்கும் தம்பி அறிவுச்செல்வனுக்குப் போன் போட்டாள்.

"போன வாரம் விண்டோஸ் பத்து ஏத்துனியே, அப்பலேந்துதானேக்கா? டிரைவர் பழசா இருக்கும்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மணிமாறன், "எந்த டிரைவரு?" என்றான்.

"வைஃபை கார்டை வேலை வாங்குற சாஃப்ட்வேருங்க மாமா. பழசு புது விண்டோஸுக்கு ஒத்துப்போவல."

லேப்டாப்பில் தம்பி சொன்ன பக்கத்தைத் திறந்து 'அப்டேட்' அழுத்தினாள். சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது என்றது லேப்டாப். இருப்பதே சிறந்தது என்றால் எதை மாற்றுவது?

"அது அப்படித்தான் சொல்லும், நம்பாத. லேப்டாப் கம்பெனி வெப்சைட்லேந்து எறக்கு."

"எறக்கத்தான் நெட்டு வரலியேடா."

"செல்லுல எறக்கி ஒயர் போட்டு மாத்துக்கா."

மணிமாறன் லேப்டாப்பைக் கவிழ்த்து மாடல் நம்பரைப் படிக்க, அவள் செல்லில் தேடி இறக்கினாள். லேப்டாப்பில் அதை ஏற்றும்போது பாதியில் வைஃபை குறியே காணாமல் போனது. இருந்ததும் போயிற்றே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அணைத்துத் திரும்பப் போட்டதும் குறி வந்தது. வீடியோவும் தடங்கலில்லாமல் ஓடியது.

சாயங்காலம் அழைப்பு வந்தது. கம்பெனிக்காரர் வணக்கம் சொல்லிவிட்டு, வாய் பாதி திறந்தபடி திரையில் அப்படியே நின்றுவிட்டார். திலகவதி திகைத்துப்போய்க் கணவனைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க தெளிவா தெரியிறீங்க. எங்க பக்கம்தான் நெட் சரியில்ல. நடத்துங்க" என்று குரல் மட்டும் வந்தது.

அசையாத அந்த முகத்துக்கு அவள் தொகையீட்டுக் கணக்கு நடத்தினாள். அவர் தலையாட்டுகிறாரா, கொட்டாவி விடுகிறாரா, எதுவும் தெரியவில்லை. கடைசியில், "திங்கட்கிழமையிலேருந்து வந்துடுங்க மேடம்" என்றார்.

"எங்க சார் வரணும்?"

"ஆன்லைன்லதான் மேடம்."

லேப்டாப்பை மூடிய பிறகும் அவளுக்குப் பிடிபடவில்லை. "நான் நடத்துனது அவருக்குப் புடிச்சிருந்துச்சா, இல்ல அரைகுறையாத்தான் கேட்டாரா?"

"வேலை கெடச்சிடுச்சில்ல, வுடு" என்றான் மணிமாறன்.

அவளால் விட முடியவில்லை. தன் குரலாவது அவருக்கு முழுசாகப் போயிருக்குமா என்று கேட்கத் தம்பிக்கு மறுபடியும் போன் போட்டாள்.