ஒன்பது நாள் மிதித்தது

ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள் தையல்காரி. எலும்பு ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று இன்னும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒட்டாவிட்டால் பாதத்தைப் பெரிதாகக் கிழித்து, இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வைத்து, எல்லாம் முதலிலிருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனுக்கு அந்தப் பயம் ஒன்றுதான். அவளுக்கு இரண்டு.

மூன்று மாதம் முன்பு, வலது கணுக்காலுக்குக் கீழே தேய்ந்துபோன மூட்டை டாக்டர் மூன்றே துளை வழியாகச் சுரண்டி, மேலும் கீழுமுள்ள எலும்பு ஒன்றாக ஒட்டிக்கொள்ள இரண்டு திருகாணி போட்டு இறுக்கியிருந்தார். கட்டுப் பிரித்த அன்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சட்டைக்குக் காஜா எடுப்பாளே, அந்த அளவுதான் ஒவ்வொன்றும். துளை சின்னதென்றால் உள்ளே நடந்ததும் சின்னதுதான் என்று அந்த மகாராணி முடிவு கட்டிவிட்டாள்.

ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படவே கூடாது என்று டாக்டர் சொன்னதைப் புருஷன்தான் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பஸ் ஓட்டுகிறவன், லீவு போட்டுவிட்டுக் கழிப்பறை வரை அவளைத் தூக்கிக்கொண்டு போனான்.

"ஏங்க, நான் என்ன மூட்டையா?"

"மூட்டைன்னா வாயைக் கட்டிடலாமே. பேசாம வா."

நான்காவது வாரம் அவன் வேலைக்குத் திரும்பினான். பதினாலு பள்ளிச் சீருடை வெட்டிய துணியாகவே கிடந்தது. முதலில் இடது காலால் மட்டும் மிதித்துப் பார்த்தாள். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. வலது கால் தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டது. தரையிலா வைத்தேன், மிதிபலகையில்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். இருபது வருஷம் மிஷின் மிதித்தவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய சமாதானம். அவன் வரும் நேரத்துக்கு மிஷினை மூடிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வாள்.

அவர்களை உள்ளே கூப்பிட்டு, டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டார். "முன்பக்கம் நல்லா ஒட்டிடுச்சு. பின்னாடி பாருங்க, இந்தக் கறுப்புக் கோடு இன்னும் போகல."

பிரிந்த தையல் போலவே இருந்தது அது.

"ஆறு வாரத்துக்குள்ள கால் ஊனினீங்களா?"

"ஒரு தடவைகூட இல்ல டாக்டர்," புருஷன் முந்திக்கொண்டான். "நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"அப்படின்னா எலும்பே ஒட்ட மாட்டேங்குது. காத்திருந்து பிரயோஜனமில்ல, திறந்துதான் செய்யணும். அசைச்சதால ஒட்டலன்னா கதை வேற. காலை அசையாம பிடிக்கிற பூட்ஸ் போட்டு இன்னும் ரெண்டு மாசம் பார்த்திருப்பேன்."

புருஷன் ஆபரேஷன் தேதி கேட்டான். அவள் வாயைத் திறக்காவிட்டால் கத்தி. திறந்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கத்தியைவிட அந்த முகத்துக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

"மிஷின் மிதிச்சேன் டாக்டர்," என்றாள். "ஒன்பது நாள்."

பூட்ஸோடு ரெண்டு மாசம், மறுபடியும் கால் தரையில் படக் கூடாது, அப்போதும் ஒட்டவில்லையென்றால் திறக்க வேண்டியதுதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் அவளை நாற்காலியில் இறக்கினான். நேராக மிஷினிடம் போய், சக்கரத்திலிருந்து தோல் பெல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அப்புறம் அவள் முன்னால் வந்து குனிந்து, இரண்டு கையையும் நீட்டினான்.

"பாத்ரூம் போகணுமா?"